கரையேறும் காசு

ஹுல்ஹுலே

மாலத்தீவின் பெரிய விமான நிலையம் ஒரு தனித் தீவு. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் எதிரே வரிசையாகப் படகுகள் நிற்கின்றன. ஜெட்டியின் ஓரத்தில் அடிமணல் தெரியும் தண்ணீர், அதில் கூட்டம் கூட்டமாக மீன்கள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்குத் துறைமுகம் என்றால் டீசல் மிதக்கும் கரிய தண்ணீர்தான். நாள் முழுக்கப் படகுகள் வந்துபோகும் ஒரு துறையில் தண்ணீர் இப்படியும் இருக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர்கள் கையில் பெயர்ப்பலகையோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு பலகையும் ஒரு ரிசார்ட். வந்திறங்கும் பயணிகளை அவரவர் தீவுக்கென்று பிரித்து விரைவுப் படகிலும் கடல்விமானத்திலும் ஏற்றி விடுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு விமானக் கூட்டமே காணாமல் போகிறது. அவர்களில் பலர் இந்த நாட்டின் ஒரு தெருவையோ ஒரு வீட்டையோ பார்க்காமல் ஊர் திரும்புவார்கள்.

2024இல் இப்படி வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்குச் சற்று அதிகம்; அதிலும் நாலில் ஒருவர் பிழைக்க வந்த வெளிநாட்டவர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கு சுற்றுலாவிலிருந்து நேரடியாக வருகிறது. அந்நியச் செலாவணியில் பாதிக்கும் மேல் இதுதான். விளைநிலம் மிகக் குறைவு, கனிமம் கிடையாது, ஆறு கிடையாது. ஏறத்தாழ 1200 பவளத் தீவுகள். அவற்றில் 200க்கும் குறைவானவற்றில்தான் ஊர் இருக்கிறது.

1960களில் வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு, இங்கே சுற்றுலாவுக்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனதாம். வங்கி இல்லை, ஒழுங்கான விமான நிலையம் இல்லை, வெளியுலகத்தோடு பேசத் தொலைபேசி இல்லை. அவர்கள் சொன்னதில் தவறும் இல்லை. ஆனால் 1972 பிப்ரவரியில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் இருந்த அகமது நசீம் என்ற இளைஞரின் அழைப்பை நம்பி ஒரு சிறு குழுவோடு வந்தார். அவர்கள் தலைநகர் மாலேயில் வீடுகளில் தங்கினார்கள், பிடித்த மீனைத் தின்றார்கள், திரும்ப வருவோம் என்று சொல்லிப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆளில்லாத ஒரு தென்னந்தோப்புத் தீவில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. பவளக்கல் சுவர், கீற்றுக் கூரை, 30 அறைகள், குளிக்க உப்புச் சுவைத் தண்ணீர். இன்று 170க்கும் மேற்பட்ட ரிசார்ட் தீவுகள் இருக்கின்றன.

இந்த வளர்ச்சியைப் பற்றி எண்கள் நிறையப் படித்திருந்தேன். எனக்குத் தெரியவேண்டியிருந்தது வேறு. இவ்வளவு காசும் எந்தக் கரையில் இறங்குகிறது? எங்கள் கடற்கரைக்கும் ஒருநாள் இந்தக் காசு வரும் என்கிறார்கள். வந்தால் யார் வீட்டுக்குப் போகும் என்பதை, முன்பே அது வந்துவிட்ட ஓரிடத்தில் போய்ப் பார்க்க ஆசை.

மாலே

2018இல் திறந்த சினமாலே பாலம் விமான நிலையத் தீவைத் தலைநகரோடு இணைக்கிறது. சீனாவின் பணமும் உழைப்பும் சேர்ந்த பாலம். பாலத்தைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிள்கள். ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர் இடத்தில் பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்க, சந்துகளில் வண்டிகள் நுழைந்து நுழைந்து போகின்றன. பக்கத்திலிருக்கும் ஹுல்ஹுமாலேயையும் சேர்த்தால் நாட்டு மக்களில் பத்துக்கு நால்வர் இங்கேதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்க வேலை எல்லாம் இங்கே இருப்பதால் தீவுகளை விட்டு மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரிசார்ட்டில் ஓர் இரவு வாடகையாக வெளிநாட்டவர் கொடுக்கும் தொகைக்கு, இங்கே ஒரு குடும்பம் இரண்டு அறைக்குள் ஒரு மாதம் நெருக்கியடித்துக் கிடக்கிறது.

வடக்குக் கரையில் சரக்குத் துறை. அங்கே போனதும் ஊருக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, முப்பது முப்பதாக அடுக்கிய முட்டை அட்டைகள். எங்கள் தூத்துக்குடியிலிருந்து தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேவுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருக்கின்றன. காய்கறி, கருங்கல் ஜல்லி, செங்கல், ஓடு. சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு தோணித் தண்டல் இருந்தார். மாலேவிலிருந்து திரும்பினால் மாசிக் கருவாடு கொண்டு வருவார். நாமக்கல் முட்டை இங்கே நெடுநாள் வாடிக்கை. 2024-25 ஆண்டில் மாலத்தீவுக்கென்று இந்திய அரசு ஒதுக்கிய ஏற்றுமதி அளவில் முட்டை மட்டும் 42 கோடிக்கு மேல். ஆற்றுமணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். ரிசார்ட்டில் காலைச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் ஆம்லெட்டும், அந்த மேசை நிற்கும் கான்கிரீட்டும் கடல் தாண்டி வந்தவை. டாலர் உள்ளே வந்த வேகத்திலேயே வெளியே போவதற்கு இதுவே முதல் காரணம். மீனும் தேங்காயும் தவிர விருந்தாளிக்கு வைப்பதில் பெரும்பாலானவை இறக்குமதி.

மீன் சந்தையில் சூரை மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கத்திக்காரர்கள் ஒரு மீனைத் தோலுரித்து முள்ளெடுத்து நாலு துண்டாக்குவதற்குள் அடுத்தது மேசைக்கு வந்துவிடுகிறது. பக்கத்துத் தேநீர்க் கடையில் சின்னச் சின்னத் தட்டுகளில் பலகாரங்களை மேசை நிறைய வைத்துவிடுகிறார்கள். தின்றதற்கு மட்டும் காசு. குல்ஹா என்ற மீன் உருண்டை, பஜியா, மீன் போட்ட அடை. எல்லாவற்றிலும் சூரையும் தேங்காயும் மிளகாயும். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கிறது. பரிமாறிய பையன் வங்கதேசத்தவன். கடைக்காரரும் எதிர்மேசைக் கிழவரும் மட்டும்தான் ஊர்க்காரர்கள்.

கிழவர் இளமையில் கொழும்புக்குப் போன மாசித் தோணிகளில் வேலை பார்த்தவர். அங்கே கற்ற தமிழில் பாதி மறந்து பாதி நினைவிருந்தது. அவர் சொன்ன கதைதான் இந்த நாட்டுப் பொருளாதாரத்தின் கதை. நூற்றாண்டுகளாக மாலத்தீவு விற்றது ஒரே பொருள்: அவித்துப் புகையூட்டி வெயிலில் கல்லாகக் காயவைத்த சூரை. வாங்கியது பெரும்பாலும் இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி முடை வந்தது. மாசி இறக்குமதியை வெட்டினார்கள். “எங்கள் வீடுகளில் மாசி மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அரிசி வாங்கக் காசில்லை,” என்றார். அந்த நேரத்தில்தான் இத்தாலிக்காரர்கள் வந்து வெயிலில் படுத்தார்கள். இவர்கள் இந்த வெயிலுக்கா காசு கொடுக்கிறார்கள் என்று மாலே முழுக்கப் பேசிக்கொண்டார்களாம். அவருடைய இரண்டு மகன்களும் ரிசார்ட்டில்தான் வேலை பார்த்து வீடு கட்டினார்கள்.

மாலேயின் பழைய வெள்ளிப் பள்ளியான ஹுகுரு மிஸ்கியைப் பார்க்காமல் யாரும் திரும்பக்கூடாது. 1658இல் கட்டியது. பவளக் கல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பில்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். நான் போன நேரத்தில் வாசலில் வெளிநாட்டுப் பயணி ஒருவர்கூட இல்லை.

மாஃபுஷி

மாலேயிலிருந்து தெற்கே போகும் அரசுப் படகில் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. பள்ளிப் பிள்ளைகள், மடியில் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பெண், காற்றாடிப் பெட்டி வாங்கிப் போகும் தம்பதி, கூடவே முதுகுப்பையோடு பத்துப் பதினைந்து ரஷ்யர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் இந்தியன் என்றதும் திருவனந்தபுரத்தில் தன் கணவருக்குச் செய்த இருதய சிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்நாட்டில் பாதி வீடுகளுக்குத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வழி தெரியும்.

மாஃபுஷி ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் நாட்டின் சிறைச்சாலை. மறுமுனையில் பயணிகள் நீச்சலுடையில் குளிப்பதற்கென்று ஒதுக்கிய கடற்கரை. நடுவில் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கால்பந்துத் திடல், பிறகு விடுதிகள், விடுதிகள், விடுதிகள். தெருவுக்குக் கல் பாவவில்லை, வெள்ளைப் பவளமணல்தான். வீட்டு வாசலில் ஜோலி என்ற கயிற்று நாற்காலி கட்டித் தொங்குகிறது, மாலையில் பெண்கள் அதில் கால் நீட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

2009க்கு முன்னால் இப்படியொரு காட்சி சட்டப்படி நடந்திருக்க முடியாது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பதே கொள்கை. 1980களிலிருந்து மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பதற்கு அனுமதி இல்லை. ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும். பெரும் முதல் உள்ளவர் ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர் எல்லாம் தாமே அமைத்து ரிசார்ட் கட்டுவார். இஸ்லாமிய நாட்டின் ஊர் வாழ்க்கையும் மதுவும் நீச்சலுடையும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க அது வசதியாக இருந்தது. நாட்டு வருமானத்துக்கும் நல்லதுதான். 2004 டிசம்பர் 20 அன்று மாலத்தீவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து எடுப்பதென ஐ.நா. பொதுச்சபை முடிவு செய்தது. ஆறு நாள் கழித்துச் சுனாமி வந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ அறுபது சதவீதத்துக்கு நிகரான சேதம். அதிலிருந்து எழுந்து 2011இல் அந்தப் பட்டியலைவிட்டு வெளியேறினார்கள். ஆனால் வந்த பணம் குத்தகை எடுத்த சில குடும்பங்களிடமும் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் குவிந்தது. ஊர்த்தீவில் இருந்தவனுக்குக் கிடைத்தது, குடும்பத்தை விட்டுப் போய்ப் பார்க்கும் சம்பள வேலை.

2009இல் அப்போதைய அதிபர் முகமது நஷீதின் அரசு அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே மாஃபுஷியில் விருந்தினர் இல்லம் வந்துவிட்டது. இப்போது நாடு முழுக்க 800க்கும் மேல். மொத்தப் படுக்கைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இவற்றில்தான்.

நான் தங்கிய வீட்டை அண்ணனும் தங்கையும் நடத்துகிறார்கள். அப்பா மீனவர். தாத்தா கட்டிய ஒற்றை மாடி வீட்டின்மேல் கடன் வாங்கி இரண்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். அம்மாதான் சமையல். காலையில் மஸ்ஹுனி: அவித்த சூரையை உதிர்த்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கையாலேயே பிசைகிறார். அதோடு மெல்லிய ரொஷி, கறுப்புத் தேநீர். நம் வீட்டில் பழைய சோற்றுக்கு அம்மா பிசைந்து தரும் கருவாட்டுத் துவையலின் பக்கத்துவீட்டுக்காரி அது. மதியம் கருதியா என்ற தெளிந்த மீன்சாறு, சோறு, எலுமிச்சை, மிளகாய். அந்தச் சாற்றையே நாள்கணக்கில் வற்றவைத்துக் கெட்டிக் குழம்பாக்கி போத்தலில் அடைத்து வைத்திருந்தார். ஒரு கரண்டி போதும், ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும்.

தங்கை முக்குளிப்புப் பயிற்சியாளர். தலையில் முக்காடும் உடம்பில் ரப்பர் உடையுமாக வெளிநாட்டு ஆண்களையும் பெண்களையும் ஆழத்துக்குக் கூட்டிப் போகிறாள். இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ரிசார்ட்டில் வேலை என்றால் வேறு தீவில் மாதக்கணக்கில் தங்கவேண்டும்; பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின, அதனால் ரிசார்ட்டுகளில் உள்ளூர்ப் பெண்கள் மிகக் குறைவு. இவளோ காலையில் கடலுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் சம்பளம் பற்றிக் கேட்டேன். “அண்ணன் முதலாளி. ஆனால் அம்மாதான் காசுப்பெட்டி,” என்றாள்.

அண்ணனிடம் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, 2020. அந்த மார்ச்சில் எல்லையை மூடினார்கள். நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஜூலை நடுவில் ரிசார்ட்டுகளுக்குத் திறந்துவிட்டார்கள், ஊர்த்தீவு விடுதிகள் அக்டோபர்வரை காத்திருந்தன. கடன் மட்டும் காத்திருக்கவில்லை. அப்பாவோடு திரும்பவும் தூண்டில் பிடிக்கப் போனதாகச் சொன்னார். இரண்டாவது, 2024 ஜனவரி. இந்தியாவைப் பற்றி இங்குள்ள அரசியல்வாதிகள் பேசிய தடித்த வார்த்தைகளும் நம் ஊரில் சமூக ஊடகங்களில் எழுந்த புறக்கணிப்புக் கூச்சலும் சேர்ந்து, 2023இல் 2 லட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகள் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். “ரிசார்ட்டுக்குச் சீனர் வந்தார், ரஷ்யர் வந்தார். என் அறைகளுக்கு வருவது பெங்களூர், சென்னைப் பிள்ளைகள். யார் பேசிய பேச்சுக்கோ என் அம்மாவின் அடுப்பு அணைந்தது.” அந்தப் பேச்சில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. ஒரு நாட்டைத் தண்டிக்கிறோம் என்று நினைத்து நாம் முதலில் தண்டிப்பது இப்படிப்பட்ட வீடுகளைத்தான்.

மாஃபுஷியில் எனக்குக் கவலை தந்ததும் உண்டு. விடுதிகள் ஒன்றையொன்று மறைத்துக் கொண்டு உயர்கின்றன. கரைக்கு அருகே பவளப் பார் சிதைந்து கிடக்கிறது. எத்தனையோ கால்கள் மிதித்திருக்கின்றன. ஊரில் மது கூடாது என்பதால் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலில் மதுக்கடை; இரவில் அங்கே போய்வரும் படகுச் சத்தம் பள்ளிவாசல் தெருவரை கேட்கிறது. முதலில் வந்த வீடுகளுக்குப் பின்னால் மாலேப் பணக்காரர்களின் பெரிய ஓட்டல்கள் வந்துவிட்டன. வீட்டுக்காரர் விலை குறைக்கிறார், பெரிய ஓட்டல் இன்னும் குறைக்கிறது.

ஒரு ரிசார்ட் தீவு

பகல் மட்டும் தங்கிப் பார்க்க அனுமதி தரும் ரிசார்ட் ஒன்றுக்குப் படகில் கூட்டிப் போனார்கள். பெயர் வேண்டாம். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிய மரவீடுகள், பெருக்கிப் பெருக்கிச் சுவடே இல்லாத மணல். தொட்டுப் பார்க்க முடியாத அழகு.

நீச்சல்குளத்தின் பம்பு அறைக்கு வெளியே ஒருவர் செல்போனில் நெல்லைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணாச்சி தூத்துக்குடியா? நமக்கு ஆலங்குளம் பக்கம்,” என்று கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். மின்பணியாளர். தீவின் பின்பக்கத்தைக் காட்டினார். விருந்தாளிகள் வராத பக்கம் அது: டீசல் ஜெனரேட்டர்கள், குடிநீர் ஆலை, சலவைக்கூடம், ஐஸ் அறை, பணியாளர் குடியிருப்பு, சிறிய பள்ளிவாசல். வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம், பிலிப்பைன்ஸ். மாலத்தீவுக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள்.

“இங்கெ சம்பளத்தவிட சர்வீஸ் சார்ஜுதான் அண்ணாச்சி. ரூம் நெறஞ்சா ஆலங்குளத்துல செவர் எழும்பும். மழக்காலத்துல ரூம் காலியா கெடந்தா வெறுஞ்சம்பளம். நாங்க வெதர் பாக்குறதே அதுக்குத்தான்,” என்றார். விருந்தாளி கட்டும் பத்து சதவீதச் சேவைக் கட்டணத்தைப் பணியாளர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். நம் நாட்டு ஓட்டல் தொழிலாளிகளுக்கு இந்த ஒரு சட்டம் கிடைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அரசும் தன் பங்கைக் கறாராக வசூலிக்கிறது. 2011இல் சுற்றுலாப் பொருள் சேவை வரி 3.5 சதவீதத்தில் தொடங்கியது. படிப்படியாக ஏறி 2025 ஜூலையில் 17 சதவீதம் ஆனது. அது தவிரப் பசுமை வரி. ரிசார்ட் விருந்தாளிக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், ஊர்த்தீவின் சிறு விடுதிகளுக்கு 6 டாலர். பெரியவனுக்கு ஒரு கணக்கு, சிறியவனுக்கு ஒரு கணக்கு என்று வைத்தது நியாயமாகப்பட்டது.

ஃபுலிதூ

மாஃபுஷிக்குத் தெற்கே வாவு பவளத்தீவுக் கூட்டம் இருக்கிறது. நாட்டிலேயே மக்கள் மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. அதில் ஃபுலிதூ என்ற சிற்றூர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். துறையருகே முழங்கால் தண்ணீரில் திருக்கைகள் மேயவருகின்றன, பிள்ளைகள் அவற்றுக்கு நடுவே நின்று விளையாடுகிறார்கள். விடுதிகள் உண்டு, ஆனால் தென்னையைவிட உயர்ந்து நிற்கவில்லை. மாலேயின் நெரிசலையும் மாஃபுஷியின் இரைச்சலையும் பார்த்துவிட்டு இங்கே வந்ததும் மூச்சு ஒழுங்காக வந்தது.

விடியலுக்கு முன்னால் புறப்பட்ட மீன்தோணி சாயங்காலம் திரும்பியது. இவர்கள் சூரைக்கு வலை போடுவதில்லை. முதலில் பார் ஓரத்தில் சிறு மீன்களை உயிரோடு பிடித்துத் தோணியின் அடித்தொட்டியில் தண்ணீரோடு வைத்துக்கொள்வார்கள். பிறகு பறவைக் கூட்டத்தைத் தேடி வெளிக்கடல். பறவைக்குக் கீழே சூரை இருக்கும். உயிர் இரையை வாரி இறைத்து, கடலில் நீரைப் பீய்ச்சி, மீன் மதம் பிடித்துக் கிளம்பியதும் தோணியின் பின்பக்கத்தில் வரிசையாக நின்று கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிவார்கள். ஒரு கம்புக்கு ஒரு மீன். ஆமையும் ஓங்கிலும் மாட்டுவதில்லை. மன்னார் வளைகுடாவில் இழுவைமடி வாரிக் குவித்த குஞ்சுமீன்களைப் பார்த்துப் பார்த்து நொந்த கண்ணுக்கு, அந்தத் தோணியின் தளத்தில் ஒரே அளவாகக் கிடந்த சூரைகள் ஆறுதலாக இருந்தன. நல்ல மீன்களைப் பக்கத்து ரிசார்ட்டே வாங்கிக்கொள்கிறது என்றார் தோணிக்காரர். இறக்குமதிப் பண்டங்களுக்கு நடுவே மேசையில் ஊர்க்காரனின் காசாக இருப்பது பெரும்பாலும் இந்த மீன்தான்.

அன்றிரவு ஊர் இளைஞர்கள் போடுபெரு அடித்தார்கள். பெரிய பறைகள் நாலைந்து; மெதுவாகத் தொடங்கி, பாட்டு ஏற ஏற அடியும் ஏறி, கடைசியில் நின்று பார்த்தவர்களும் மணலில் இறங்கிவிட்டார்கள். அங்கிருந்த ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தன் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லிப் பேசினாள். அவள் காலத்தில் ஆண்கள் மீன் கொண்டு வருவார்கள், பெண்கள் அவித்துக் காயவைத்து மாசியாக்குவார்கள். வீட்டுக் காசில் பாதி பெண்ணின் கையால் வந்தது. பிறகு மீனைப் பச்சையாகவே வாங்கிக்கொள்ளும் கப்பல்களும் பதனிடும் ஆலைகளும் வந்தன, பெண்களின் அடுப்புக்கு வேலை போயிற்று. மகன்கள் ரிசார்ட்டுக்குப் போனார்கள், மகள்கள் வீட்டில் இருந்தார்கள். இப்போது அவளுடைய பேத்தி ஒரு விருந்தினர் இல்லத்தின் கணக்கைப் பார்க்கிறாள். சுற்றுலாவின் வரலாற்றை ஆண்டு வாரியாகப் படித்தபோது எனக்குப் பிடிபடாத ஒன்றை அந்தப் பாட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பாரின் விளிம்பில் நீந்தினேன். சில இடங்களில் பவளம் வெளுத்துச் செத்துக் கிடந்தது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது நாடு முழுக்கப் பவளம் வெளுத்தது. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத நாடு இது. பார்தான் அலையைத் தடுக்கிறது, மணலைத் தருகிறது, இரை மீனை வளர்க்கிறது, பயணியையும் கூட்டி வருகிறது. எங்கள் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளினோம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மாலத்தீவிலும் ஒரு காலத்தில் வீடு கட்டப் பவளத்தை வெட்டினார்கள்தான். சுற்றுலாக் காசு வந்த பிறகு உயிரோடிருக்கும் பாருக்கு மதிப்பு கூடிற்று.

திலஃபுஷி வழியாக

திரும்பும் படகு மாலேக்கு மேற்கே திலஃபுஷியை ஒட்டிப் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் ஒரு காயலைக் குப்பையால் நிரப்பி உண்டாக்கிய தீவு. தலைநகரின் குப்பையும் சுற்றியுள்ள ரிசார்ட்டுகளின் குப்பையும் இங்கே வந்து சேர்ந்தன; பல ஆண்டுகள் திறந்தவெளியில் எரித்தார்கள், புகை மாலேவரை அடித்தது. பசுமை வரி இதுபோன்றவற்றைச் சீர்செய்யத்தான் வந்தது. படகிலிருந்த யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுக்கவில்லை.

நம் கரைக்கு வருவோம். 2023இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகளின் வருகை 28 கோடிக்கும் அதிகம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் அங்கேயுள்ள மீனவர் வீடுகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது? சங்கு வளையல் விற்கும் தள்ளுவண்டியும், பயணிகள் வீசிப்போகும் குப்பையும். எங்கள் பக்கத்து மணப்பாட்டிலும் வேம்பாரிலும் கடல் பார்த்த வீடுகள் இருக்கின்றன, மீன் சமைக்கத் தெரிந்த தாய்மார்கள் இருக்கிறார்கள், நீந்தத் தெரிந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ரிசார்ட்டுக்கு நிலம் எடுத்துக்கொடுப்பதற்கு முன்னால் இந்த வீடுகளுக்கு உரிமமும் குறைந்த வட்டியில் கடனும் கழிவுநீர் வசதியும் கொடுங்கள் என்று நம் அரசைக் கேட்கிறேன். எத்தனை வீடு, எத்தனை மாடி என்பதை முதலிலேயே ஊர்ச்சபை முடிவு செய்யட்டும். மாஃபுஷி அதை முடிவு செய்யாமல் விட்டது, ஃபுலிதூவுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

மாலத்தீவுக்குப் போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிசார்ட்டில் தங்க ஆசை இருந்தால் ஓரிரவு தங்குங்கள். மிச்ச இரவுகளை ஊர்த்தீவில், வீட்டுக்காரர்களே நடத்தும் விடுதியில் கழியுங்கள். பாரின்மேல் கால் வைக்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை உங்கள் பெட்டியிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அதைப் போட்டுவைக்க அங்கே நிலம் இல்லை.